கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம்

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம் என்பது 1940-களின் தொடக்கத்தில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உருவாகி, நிலமற்ற பண்ணையாட்களும் சிறு குத்தகை விவசாயிகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய போராட்டங்களைக் குறிக்கும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், நன்னிலம், மாயவரம், சீர்காழி ஆகிய வட்டங்கள் இதன் களம். இவை இன்று திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அடங்கும். விவசாயிகள் சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் இந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கின.

பொது நினைவில் இந்த இயக்கம் கூலிப் போராட்டமாகவும், 1968-ன் கீழ்வெண்மணிப் படுகொலையாகவும் சுருங்கிவிட்டது. உண்மையில் கூலியோடும் நிலத்தோடும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கேள்வி தொடக்கம் முதலே இருந்தது. குடிசை நிற்கும் மனை யாருடையது என்பதே அது. இயக்கம் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாவது கேள்வியே சரியான வழி.

பின்னணி

தஞ்சை டெல்டாவில் நிலத்தை வேலிக்கணக்கில் எண்ணுவார்கள். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர். நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் ஒரே மிராசுதார் குடும்பத்திடமோ கோயிலிடமோ மடத்திடமோ இருந்தது. வலிவலம், குன்னியூர், வடபாதிமங்கலம் போன்ற ஊர்ப் பெயர்கள் பெரும் பண்ணைகளின் பெயர்களாகவே அறியப்பட்டன. மிராசுதார்களில் பலர் கும்பகோணத்திலோ சென்னையிலோ வசித்தனர். பண்ணையைக் காரியக்காரர்கள் நடத்தினர்.

வயலில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பறையர், பள்ளர் சமூகத்தினர். பண்ணையாள் என்பவர் அன்றாடக் கூலிக்காரர் அல்ல. அவரும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். வாங்கிய கடன் தலைமுறை தாண்டியும் தீராது. விடியுமுன் வயலுக்குப் போகாவிட்டால் சவுக்கடி உண்டு. சாணியைக் கரைத்து வாயில் புகட்டும் ‘சாணிப்பால்’ தண்டனையும் உண்டு. கூலி நெல்லாகவே கிடைக்கும். அறுவடையின்போது களத்தில் அளக்கப்படும் பங்குக்குக் களவடி என்று பெயர்.

குடியிருந்த சேரியும் மிராசுதாரின் நிலத்திலேயே இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இந்த நிலை தஞ்சைக்கு மட்டும் உரியது அல்ல. 1891-ல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. ட்ரெமன்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சென்னை நகரைச் சுற்றியிருந்த மாவட்டம் அது. இன்று சென்னைக்குள் அடங்கிவிட்ட தரமணியும் வேளச்சேரியும் அன்று அம்மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்துக் கிராமங்கள். உழைப்பவருக்குத் தன் குடிசை மனைமீதுகூட உரிமை இல்லை என்பதையும், வெளியேற்றிவிடுவோம் என்ற மிரட்டலே மிராசுதார்களின் கையில் இருந்த ஆயுதம் என்பதையும் அந்தக் குறிப்பு கவனப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணையே, பின்னர் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையானது. ஆனால் அரசு ஒதுக்கியது பெரும்பாலும் தரிசு நிலம். தஞ்சை டெல்டாவிலோ வாய்க்கால் பாயும் இடமெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயரில் இருந்தது.

இப்பகுதியிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக மலாயாவுக்கும், பாக் நீரிணை கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் ஏராளமானோர் சென்றனர். போனவர்களில் சிலர் தொழிற்சங்க அனுபவத்தோடு திரும்பி வந்தனர். பின்னாளில் இயக்கத்தின் தியாகிகளாகக் கொண்டாடப்பட்ட வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் மலாயாவிலிருந்து திரும்பியவர்களே.

சங்கம் தோன்றுதல்

அகில இந்திய விவசாயிகள் சங்கம் 1936-ல் லக்னோவில் தொடங்கப்பட்டது. தஞ்சையில் அது வேர்விடக் காரணமாக இருந்தவர் பி. சீனிவாச ராவ் (1907–1961). தென்கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த இவருக்குத் தாய்மொழி கன்னடம். சுதந்திரப் போராட்டத்துக்காகக் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு, சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்று, அங்கிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். 1940-களின் தொடக்கத்தில் கட்சி இவரைத் தஞ்சைக்கு அனுப்பியது. பிறப்பால் பிராமணரான இவர் சேரிகளில் தங்கி, அங்கேயே உண்டு, உறங்கி, கொச்சைத் தமிழில் பேசிச் சங்கம் கட்டினார். அக்காலத் தஞ்சையில் இந்த ஒரு செயலே ஊரைக் கலங்கடிக்கப் போதுமானது.

மன்னார்குடி அருகிலுள்ள தென்பரை, மடத்துக்குச் சொந்தமான கிராமம். அங்கே 1943-ல் சங்கத்தின் முதல் கிளை அமைந்தது. அங்கிருந்த குத்தகை விவசாயிகளின் பிரச்சினையில் தொடங்கிய சங்கம் விரைவிலேயே பண்ணையாட்களிடம் பரவியது. குத்தகைதாரர்களில் பலர் சாதி இந்துக்கள், பண்ணையாட்களோ தலித்துகள். இரு தரப்பையும் ஒரே கொடியின்கீழ் உட்காரவைத்தது சங்கத்தின் பெரிய சாதனை, அதன் ஓயாத தலைவலியும் அதுவே. குத்தகைதாரருக்கு வேண்டியது குறைந்த வாரம், பண்ணையாளுக்கு வேண்டியது கூடுதல் கூலி. பண்ணையாளுக்குக் கூலி கொடுப்பவர் சில நேரங்களில் அதே குத்தகைதாரர்தான்.

சங்கத்தின் முதல் வெற்றி நெல் கணக்கில் வந்ததன்று. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்ற கோரிக்கையை மிராசுதார்கள் ஏற்க வேண்டியதாயிற்று. 1944-ல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் ஏற்பட்ட உடன்பாடு இதை உறுதிசெய்தது. ஊருக்கு ஊர் அடிக்க வந்த காரியக்காரரின் முன் சேரியே திரண்டு நின்றதால் கிடைத்த வெற்றி இது. உடன்பாடு அதற்குப் பின்னர் வந்த எழுத்து மட்டுமே. தோளில் துண்டு போடுவது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுவது போன்றவை அக்காலத்தில் சங்க உறுப்பினரின் அடையாளங்களாயின. இன்று படிப்பவருக்கு இவை சிறியவையாகத் தோன்றலாம். அவற்றுக்காக மண்டை உடைந்தவர்கள் இருந்தார்கள்.

அடக்குமுறைக் காலம்

வங்கத்தில் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கோரிய தேபாகா போராட்டமும் (1946–47), ஐதராபாத் சமஸ்தானத்தில் தெலங்கானா ஆயுதப் போராட்டமும் (1946–51) நடந்த ஆண்டுகள் அவை. தஞ்சையிலும் 1946 முதல் அறுவடைக் காலங்களில் மோதல்கள் மூண்டன. 1948-ல் மாயவரத்தில் ஏற்பட்ட உடன்பாடு கூலியையும் வாரத்தையும் ஓரளவு ஒழுங்குபடுத்தியது. அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சி மீதான அடக்குமுறையும் தொடங்கியது. தலைவர்கள் தலைமறைவாயினர். சிறப்புக் காவல் படை கிராமங்களில் முகாமிட்டது. தொடக்கக்காலத் தலைவர்களில் ஒருவரான களப்பாள் குப்பு 1948-ல் திருச்சிச் சிறையில் இறந்தார். சிவராமனும் இரணியனும் 1950 மே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

கட்சியின் ஆயுதப் போராட்டக் கொள்கை தஞ்சைக்குப் பொருந்தியதா என்ற கேள்வி பின்னர் பலமுறை எழுந்தது. தெலங்கானாவைப் போலக் காடோ மலையோ இல்லாத சமவெளி இது. வாய்க்கால் வரப்புகளுக்கு நடுவே ஒளிய இடம் கிடையாது. தலைமறைவானவர்களைக் காத்தவை சேரிகளே. அதற்கான விலையையும் அவையே கொடுத்தன.

1952-ன் சட்டம்

முதல் பொதுத்தேர்தலில் கம்யூனிஸ்டுகள் தஞ்சையில் குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றனர். சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று வெளிப்படையாகக் கருதியவர். அவருடைய அரசுதான் 1952 ஆகஸ்டில் தஞ்சைக்கென்று தனியாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது பின்னர் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாயிற்று. சங்கம் கேட்டதில் ஒரு பகுதியைச் சட்டமாக்கிச் சங்கத்தின் காலடி மண்ணை எடுப்பது அதன் நோக்கம் என்று பலரும் கருதினர். நோக்கம் எதுவானாலும், பண்ணையாள் என்ற மனிதருக்கு உரிமைகள் உண்டு என்று ஒரு சட்டம் சொன்னது.

குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கும் ஐந்தாண்டு குத்தகை உறுதியும் கிடைத்தன. பண்ணையாட்களுக்குக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. காரணமின்றி நீக்குவது தடுக்கப்பட்டது. தகராறுகளைத் தீர்க்க அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களையே சட்டம் கட்டுப்படுத்தியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கூலி என்பதையும் அது அப்படியே எழுதி வைத்தது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் முழுக்கப் பெண்களின் வேலையாக இருந்த மாவட்டத்தில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மிராசுதார்கள் கண்ட வழி எளிமையானது. பண்ணையாள் என்றால்தானே பாதுகாப்பு? பண்ணையாளே இல்லையென்றால்? ஆண்டு முழுவதும் வேலை தந்து வந்த ஆட்களை நீக்கிவிட்டு, வேண்டும்போது மட்டும் அன்றாடக் கூலிக்கு அழைக்கத் தொடங்கினர். தஞ்சையில் 1951–53-ல் களஆய்வு செய்து 1976-ல் மீண்டும் வந்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், பண்ணையாள் முறை தேய்ந்து அன்றாடக் கூலி முறை பரவியதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். அடிமைத்தளை அறுந்தது. கூடவே ஆண்டு முழுவதும் வேலை என்ற நிச்சயமும் போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், இந்தச் சட்டத்தை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரே சொல்லில் சொல்ல முடியாது.

அடுத்து வந்த 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், நிலவுடைமையாளர் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்த 1956-ன் நியாய வாரச் சட்டமும் குத்தகைதாரருக்கு உதவின. நிலமற்ற கூலிக்கு அவற்றில் எதுவும் இல்லை. குத்தகைதாரர் ஓரளவு தலைநிமிர்ந்தபின், சங்கத்தின் சுமை மேலும் மேலும் சேரியின் தோளில் விழுந்தது.

உச்சவரம்பு

நிலமற்றவருக்கு நிலம் என்ற நம்பிக்கை நில உச்சவரம்புச் சட்டத்தில் குவிந்தது. காங்கிரஸ் அரசு கொண்டுவந்த மசோதாவில் இருந்த விலக்குகளை எதிர்த்து 1961-ல் விவசாயிகள் சங்கம் மாநிலம் தழுவிய போராட்டம் நடத்தியது, ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். சீனிவாச ராவ் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று இறந்தார்.

சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் உச்சவரம்பு. பெண்களின் சீதன நிலத்துக்குத் தனி அளவு அனுமதிக்கப்பட்டது. அறக்கட்டளைகள், தோப்புகள், மேய்ச்சல் நிலம், சர்க்கரை ஆலைகளின் கரும்பு நிலம் என்று விலக்குகள் நீண்டன. மசோதா பற்றிய பேச்சு தொடங்கிய நாள் முதல் சட்டம் வரும்வரை மிராசுதார்களுக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நிலங்கள் உறவினர், வேலையாட்கள், அறக்கட்டளைகள் பெயர்களுக்கு மாறின. பினாமி என்ற சொல் தஞ்சைக் கிராமங்களில் அன்றாடப் பேச்சாயிற்று. 1970-ல் தி.மு.க. அரசு உச்சவரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்தது. அதற்குள் காகிதத்தில் உபரி நிலம் பெருமளவு கரைந்திருந்தது.

கீழ்வெண்மணி

1960 முதல் தஞ்சாவூர் தீவிர வேளாண்மைத் திட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் வந்தபின் குறுவைச் சாகுபடி விரிந்தது. விளைச்சல் கூடியது, விலையும் ஏறியது. அறுவடைக் கூலி மட்டும் பின்தங்கியது. கலத்துக்கு இத்தனை என்று அளக்கப்படும் கூலியைச் சற்று உயர்த்த வேண்டும் என்று சங்கம் கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டு, வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினர். செங்கொடியை இறக்கிவிட்டு வருபவர்களுக்கே வேலை என்றனர். தகராறு நெல்லைப் பற்றியது போலத் தோன்றினாலும், கொடியைப் பற்றியதாகவும் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் வட்டத்தில் கீழ்வேளூரை அடுத்த கீழ்வெண்மணிச் சேரியை ஆயுதம் தாங்கிய கூட்டம் தாக்கியது. அன்று முன்னதாக நடந்த மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்திருந்தார். ஆண்களில் பலர் தப்பி ஓட, ஓட முடியாதவர்கள் ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தனர். குடிசை வெளியிலிருந்து பூட்டப்பட்டுக் கொளுத்தப்பட்டது. 44 பேர் எரிந்து இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்கள் மீது வழக்கு நடந்தது. 1970-ல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலவுடைமையாளர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு, இப்படிப்பட்டவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சென்னையில் வாழ்ந்து இந்த வழக்கைப் பின்தொடர்ந்து எழுதிய மைதிலி சிவராமன், அந்த வாதத்தை அப்போதே கடுமையாக அம்பலப்படுத்தினார். மிராசுதார் தரப்பு ஆளின் மரணத்துக்காகத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நீதியின் அளவு தெரியும். கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

படுகொலைக்குப்பின் அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை நியமித்தது. 1969-ல் கீழத்தஞ்சைக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சங்கம் கேட்டு வந்த கூலி உயர்வை நெருங்கும் அளவுகள் 44 பேரின் சாவுக்குப்பின் அரசிதழில் ஏறின.

குடியிருப்பு மனை

கீழ்வெண்மணியில் எரிந்தது வயலோ களமோ அன்று, வீடு. கூலி கேட்டவர்களை எங்கே தாக்கினால் வலிக்கும் என்பது தாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீழத்தஞ்சையில் இது புதிதும் அல்ல. சங்கத்தில் சேர்ந்தவனின் குடிசையைப் பிரித்துப் போடுவது, சேரிக்குப் போகும் பாதையை அடைப்பது, கொல்லையில் வைத்த மரத்தின் காயைப் பறிக்கவிடாமல் தடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் மிராசுதாரிடம் ஒரே பதில் இருந்தது: இது என் மனை.

1961-ல் வந்த ஒரு சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. அது பாதுகாப்பு மட்டுமே, உரிமை அல்ல. 1971-ல் தி.மு.க. அரசு இயற்றிய குடியிருப்பு அனுபவதாரர் (உரிமை வழங்கல்) சட்டம்தான் விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கியது. மேடைகளில் அதிகம் பேசப்படாத சட்டம் இது. நிலச்சீர்திருத்த வரலாறுகளிலும் இதற்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. ஆனால் உச்சவரம்புச் சட்டத்தைவிட இது கிராமத்து அதிகாரத்தை ஆழமாக மாற்றியது என்று வாதிட இடமுண்டு. சில சென்ட் மனையில் பயிர் வைத்துப் பிழைக்க முடியாது. ஆனால் அங்கே நின்றுகொண்டு, இந்தக் கூலிக்கு நாளை வரமாட்டேன் என்று சொல்ல முடியும். இரவில் வீடு பறிபோகாது. அடுத்து வந்த ஆண்டுகளில் கூலிப் பேச்சுகளில் சங்கம் உறுதியாக நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மனைப் பட்டா தானாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அளந்து, எழுதி, கையில் வாங்க ஊருக்கு ஊர் மனுவும் மறியலும் தேவைப்பட்டன.

வேறொரு வழி

கீழ்வெண்மணிக்குப்பின் இப்பகுதிக்கு வந்தவர்களில் சர்வோதயத் தலைவர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் முக்கியமானவர்கள். வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்தவர்கள் இவர்கள். மனமுவந்து தரப்படும் நிலம் பெரும்பாலும் எவருக்கும் வேண்டாத நிலம் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தனர். வலிவலத்தில் அறக்கட்டளைப் பெயரில் இருந்த நிலங்களுக்காகச் சத்தியாகிரகம் நடத்தினர். 1981-ல் ‘லாஃப்டி’ எனப்படும் உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினர். விற்க விரும்பும் உடைமையாளரிடம் விலை பேசி, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் வாங்கித் தருவது இதன் முறை. பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. இவ்வாறு 10,000 ஏக்கருக்கு மேல் கைமாறியது. 2008-ல் இவ்விருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது.

உழைத்துப் பண்படுத்திய நிலத்தை மீண்டும் விலைகொடுத்து வாங்குவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. உச்சவரம்புச் சட்டத்தின் வழியே வராத நிலம் இந்த வழியே வந்தது என்பதும் உண்மை. லாஃப்டி பின்னர் குடிசைகளுக்குப் பதிலாகக் கல் வீடு கட்டும் பணியையும் கையில் எடுத்தது. ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் முக்கியத் தீர்ப்பு அளித்தது. நெல் வயல் உப்பாகிப் போனால் கூலி வேலையும் போய்விடும் என்பதே அந்த வழக்குக்குப் பின்னிருந்த அச்சம்.

பின்னாளைய நிலை

1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபின் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் தனித்தனியே இயங்கலாயின. 1990-களுக்குப்பின் காவிரி நீர்ப் பற்றாக்குறையும் அறுவடை எந்திரங்களும் வேலை நாட்களைக் குறைத்தன. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றனர். 2006-ல் தமிழக அரசு நிலமற்றவர்களுக்கு 2 ஏக்கர் வரை இலவச நிலம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனும் பெரும்பாலும் தரிசு நிலம் கிடைக்கும் மாவட்டங்களுக்கே போயிற்று.

கீழ்வெண்மணியில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. டெல்டாவில் இன்றும் சங்கங்கள் அளிக்கும் மனுக்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் கோரிக்கை, கோயில் நிலங்களிலும் மட நிலங்களிலும் தலைமுறைகளாகக் குடியிருப்போருக்கு மனைப் பட்டா வேண்டும் என்பதாகும்.